தியான் சந்தா, ஷாபாஸா, சோஹைல் அப்பாஸா? கனவு ஹொக்கி அணி கட்டுமுன் முடிவுசெய்ய வேண்டியவை

கார்த்திகை மழை இறங்கிவிட்டால் திருகோணமலையில் மைதானமெல்லாம் குளம். தை கழியும்வரை மட்டைக்கு வேலை இல்லை. மேசையில் ஆடும் ஹொக்கிக்கு அதுதான் பருவம்: ஆறு பேர், ஒரு கொப்பி, இரண்டு லூடோக் கட்டை, ஒரு ஞாயிறு பின்னேரம். 1928 முதல் இன்றுவரை ஆடிய எவரையும் எடுத்து ஆளுக்கொரு அணி கட்டலாம்.

இப்படித் தொடங்கும் ஆட்டங்களில் பாதி மூன்றாவது கிழமையிலேயே சண்டையில் முடியும். சண்டை எப்போதும் ஒன்றுதான். இந்தியாவின் பழைய முன்கள மேதை தியான் சந்த் இன்றைய தரையில் ஆடினால் என்ன செய்வார் என்று ஒருவர் கேட்பார், பதில் சொல்ல எந்த விதியும் கொப்பியில் இராது. ஆட்டக்காரர்களை வாங்கிய பிறகு விதி எழுதினால் ஒவ்வொருவரும் தன் ஆளுக்குச் சாதகமாகத்தான் எழுதுவார். ஆகவே யாரை வாங்குவது என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன் மூன்று முடிவுகள் இருக்கின்றன: எந்தத் தரை, எந்தப் பங்கீடு, எந்தக் கணக்கு.

புல்லா, செயற்கைத் தரையா?

1975இல் கோலாலம்பூரில் புல்தரையில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று இந்தியா உலகக் கிண்ணத்தைத் தூக்கியது. அடுத்த வருடம் மொன்றியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைத் தரை. அங்கே இந்தியாவுக்கு ஏழாவது இடம், தங்கம் நியூசிலாந்துக்கு. ஒரே வருடத்துக்குள் ஆட்டக்காரர்களின் கை மறந்துவிடவில்லை. பந்தின் வேகமும் துள்ளலும்தான் மாறின. புல்லில் பந்தை நிறுத்துவதே ஒரு கலை. மண்ணில் குதித்து வரும் பந்தை மட்டையில் ஒட்டவைப்பவனுக்கு அடுத்தவனைவிட அரை விநாடி கூடுதலாகக் கிடைக்கும், மணிக்கட்டு வேலை அந்த அரை விநாடியில் நடக்கும். செயற்கைத் தரையில் எவருக்கும் பந்து நிற்கும். அங்கே ஓட்டமும் நேர்த்தள்ளலும் கூட்டுத் தடுப்பும் விலைபோகும்.

ஆக முதல் தெரிவு, எல்லா ஆட்டமும் புல்லில். இதில் தியான் சந்த், ரூப் சிங், கே. டி. சிங் பாபு, உதம் சிங் போன்றோர் முழு மதிப்போடு நிற்பார்கள். குறை என்னவென்றால், இந்தியாவும் பாகிஸ்தானும் மட்டுமே மேசையில் மிஞ்சும். அந்தக் காலத்து ஆட்டங்களுக்குப் படச்சுருளும் கொஞ்சம்தான் என்பதால் மதிப்பிடுவது முழுக்கச் செவிவழிக் கதையாகிவிடும்.

இரண்டாவது, எல்லா ஆட்டமும் செயற்கைத் தரையில், இன்றைய விதியில். கணக்குப் பார்க்கச் சுலபம், பார்த்த ஆட்டங்களும் நிறைய. ஆனால் பழையவர்கள் அலங்காரப் பொருளாகிவிடுவார்கள். வரலாறு முழுவதிலிருந்தும் அணி கட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு அவுஸ்திரேலியா, நெதர்லாந்து, ஜேர்மனி, பெல்ஜியம் என்று நான்கு நாட்டுக்குள் சுற்றுவதில் ருசி இல்லை.

மூன்றாவது, சொந்த மைதான முறை. ஒவ்வொரு சோடியும் இரண்டு தடவை மோதும். எவருடைய சொந்த ஆட்டமோ அவர் கட்டை உருட்டுமுன் தரையைச் சொல்வார். 1976க்கு முன்பே சர்வதேச ஆட்டத்தை முடித்தவர் செயற்கைத் தரையில் ஒரு மதிப்பெண் இழப்பார். 1976க்குப் பிறகு தொடங்கியவர் புல்லில் ஒன்று இழப்பார். இரண்டு காலத்திலும் ஆடியவருக்கு எங்கும் இழப்பில்லை.

எடுக்க வேண்டியது இந்த மூன்றாவதுதான். இங்கே மட்டை பிடித்த பெரும்பாலானோர் புல்லிலும் மண்ணிலும் பழகியவர்கள். செயற்கைத் தரையைத் தொட்டுப் பார்க்க வெளியூருக்குப் போக வேண்டும். இரண்டு தரையும் கொப்பியில் இருந்தால்தான் வாதத்துக்கு ஒரு பொருள் வரும். இன்னொரு பலனும் உண்டு. இரு தரைக்காரர்கள் என்று ஒரு கூட்டம் திடீரென்று விலையேறும்: பாகிஸ்தானின் இஸ்லாஹுதீன், சமியுல்லா, அக்தர் ரசூல், அவுஸ்திரேலியாவின் ரிக் சார்ள்ஸ்வேர்த், நெதர்லாந்தின் போல் லித்யென்ஸ், டீஸ் குருய்சே, 1980 மொஸ்கோவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித்தந்த தலைவர் வாசுதேவன் பாஸ்கரன். ஏலத்தில் மற்றவர்கள் இதைக் கவனிக்கும்வரை இவர்கள் மலிவு.

ஒரு தகராறு நிச்சயம் வரும். 1976க்குப் பிறகு தொடங்கிய பாகிஸ்தானின் ஷாபாஸ் அஹ்மத் சின்ன வயதில் புல்லில்தானே பழகினார், அவருக்கு ஏன் புல்லில் வெட்டு என்று கேட்பார்கள். கேள்வி நியாயம்தான், ஆனால் விட்டுக்கொடுக்கக் கூடாது. சர்வதேசச் சுற்றுப்போட்டியின் தரையை மட்டும் பாருங்கள். பள்ளிக்கூட மைதானத்தைக் கணக்கில் எடுத்தால் ஆசியாவில் எவருக்குமே வெட்டு விழாது.

ஓஃப்சைட்டை விட்டுவிடுங்கள், கட்டையில் அதைக் கொண்டுவர முடியாது. மதிப்பெண் போடும்போது மட்டும் நினைவில் வைத்தால் போதும். முன்னால் நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் மூன்று எதிரணியினர் வேண்டும் என்றிருந்தது 1972இல் இரண்டாகியது. 1987இல் 25 யார் கோட்டுக்குள் மட்டும் என்றானது, 1996இல் ஒழிந்தே போனது. கோல் வாயில் காத்துநிற்கும் முன்களக்காரரின் எண்ணிக்கையை இந்த நான்கு காலத்திலும் ஒரே தராசில் போட முடியாது.

ஏலமா, சுற்றுத் தெரிவா?

ஆளுக்கு 16 பேர்: கோல் காப்பாளர் 2, பின்களம் 5, நடுக்களம் 5, முன்களம் 4. ஆறு பேருக்கு மொத்தம் 96 ஆட்டக்காரர்கள்.

சுற்றுத் தெரிவில் சீட்டுக் குலுக்கி வரிசை போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் வரிசையைத் திருப்புவார்கள். முதலாமவருக்கு 1, 12, 13, 24 ஆகிய தெரிவுகள். ஆறாமவருக்கு 6, 7, 18, 19. தெரிவுக்கு ஒரு நிமிடம் என்றால் 96 நிமிடத்தில் முடியும். நல்ல விடயம், எவரும் வெறும் அணியோடு வீட்டுக்குப் போகமாட்டார். கெட்ட விடயம், தியான் சந்த் யாருக்கு என்பதைச் சீட்டு முடிவுசெய்யும். அவரை வேண்டாம் என்று நினைப்பவர்கூட முதல் சீட்டு விழுந்தால் வெட்கத்துக்கு அவரை எடுப்பார்.

ஏலத்தில் ஆளுக்கு 100 புள்ளி. குறைந்த கேள்வி 1. கையில் உள்ள புள்ளியிலிருந்து, இந்த ஆளுக்குப் பிறகு நிரப்ப வேண்டிய இடங்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவதுதான் கேட்கக்கூடிய உச்சம். தொடக்கத்தில் அது 85. இதை ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் ஒருவர் கொப்பியில் எழுதிவர வேண்டும். எழுதாவிட்டால் கடைசியில் 13 பேரோடு புள்ளி தீர்ந்து நிற்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஓர் ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் 144 நிமிடம். தேத்தண்ணி இடைவேளையோடு மூன்று மணி.

ஏலத்தின் நோய் வேறு. இரண்டு பெரிய பெயருக்கு 60 புள்ளியைக் கொட்டியவருக்கு மிச்சம் 40. அதில் 14 பேர் வாங்க வேண்டும், ஆளுக்கு மூன்றுகூட வராது. இரண்டாம் கிழமை ஐந்து கோலில் தோற்றபின் அவர் வரமாட்டார், ஆட்டமும் குலையும். மருந்து சின்னது: தனி ஆளுக்கு உச்ச விலை 30. அதே விலைக்கு இருவர் வந்தால் சீட்டு.

ஐந்து, ஆறு பேர் என்றால் இந்த உச்சவரம்போடு ஏலம் வையுங்கள். நான்கு பேர் அல்லது அதற்குக் குறைவு என்றால் சுற்றுத் தெரிவே போதும். கேட்பதற்குப் போட்டி இல்லாத ஏலம் வெறும் சடங்கு. புள்ளிக்குப் பதிலாகக் காசு வைக்கும் யோசனை வந்தால் அங்கேயே வெட்டிவிடுங்கள். அது வேறு விளையாட்டு.

இரண்டு முறைக்கும் பொதுவாக இரண்டு கட்டுப்பாடு தேவை. ஒரே நாட்டிலிருந்து ஐந்து பேருக்கு மேல் கூடாது. 1976க்கு முன், 1976 முதல் 1995 வரை, 1996க்குப் பின் என்ற மூன்று காலத்திலிருந்தும் குறைந்தது நால்வர்.

வென்றது யார் என்று எப்படிச் சொல்வது?

உண்மையான கோல் எண்ணிக்கையை அப்படியே எடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அது ஓடாது. 1932 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆடியவை மூன்றே நாடுகள். இந்தியா ஜப்பானை 11-1, அமெரிக்காவை 24-1 என்று வென்றது. அந்த இரண்டு ஆட்டத்தில் ரூப் சிங் 13 கோல், அண்ணன் தியான் சந்த் 12. (அந்தப் பயணத்தில்தான் இந்திய அணி வழியில் இலங்கையில் இறங்கி ஆடிவிட்டுப் போனது.) ஆட்டத்துக்கு ஆறு கோல் என்ற சராசரியை எந்தத் தராசில் வைப்பது? மறுபக்கம் தூன் டி நோயர் நெதர்லாந்துக்காக 453 சர்வதேச ஆட்டம் ஆடியவர். மொத்தத்தைப் பார்த்தால் பழையவர்கள் சாவார்கள், சராசரியைப் பார்த்தால் புதியவர்கள் சாவார்கள். 348 கோலோடு உலக சாதனை பாகிஸ்தானின் சோஹைல் அப்பாஸிடம். ஆனால் ஆட்டத்துக்கு இத்தனை என்று பார்த்தால் 177 ஆட்டத்தில் 267 அடித்த லித்யென்ஸ் மேலே நிற்பார். தடுப்பவருக்கு எண்ணே கிடையாது. போதாததற்கு 1936 பேர்லின் இறுதியில் தியான் சந்த் அடித்தது மூன்று என்றும் ஆறு என்றும் இரண்டு கணக்கு உலவுகிறது.

பதக்கத்துக்குப் புள்ளி கொடுப்பது இரண்டாவது வழி. நல்ல அணியில் இருந்த சாதாரண ஆட்டக்காரர் மேலே வருவார். நான்கு ஒலிம்பிக் ஆடியும் ஒரு பதக்கம் இல்லாத இந்தியாவின் தன்ராஜ் பிள்ளை அடியில் கிடப்பார். அதை எவர் ஏற்பார்?

நின்றுபிடிக்கும் வழி இரகசிய மதிப்பெண். ஏலத்துக்கு ஒரு கிழமை முன் 120 பேர் பட்டியலுக்கு ஆறு பேரும் தனித்தனியாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் வந்த ஆறு எண்ணில் பெரியதையும் சிறியதையும் தள்ளிவிட்டு மிச்ச நான்கின் சராசரியை முழு எண்ணாக்குங்கள். ஷோர்ட் கோர்னர் (எதிரணியின் தவறுக்குத் தண்டனையாக, கோல் கோட்டிலிருந்து தள்ளித்தரும் பந்தைக் கோலுக்கு அடிக்கும் வாய்ப்பு) அடிப்பவர்களுக்கு அதற்கென்று தனியாக இன்னொரு மதிப்பெண். கட்டாயம் ஏலத்துக்கு முன் முடிக்க வேண்டும். பின்னால் போட்டால் வாங்கியவர் தன் ஆளை ஏற்றுவார், மற்ற ஐவரும் சேர்ந்து இறக்குவார்கள்.

ஆட்டம் இப்படி. ஒரு காப்பாளர், நான்கு பின், மூன்று நடு, மூன்று முன். முன்களமும் நடுக்களமும் சேர்ந்த ஆறு பேரின் சராசரி தாக்குதல் எண். பின்களமும் நடுக்களமும் சேர்ந்த ஏழு பேரின் சராசரி தடுப்பு எண். இரண்டையும் முழு எண்ணாக்குங்கள். நான்கு குவார்ட்டர், குவார்ட்டருக்கு ஆளுக்கு இரண்டு தாக்குதல். தாக்குபவர் ஒரு கட்டை உருட்டி அதைத் தன் எண்ணோடு கூட்டுவார், தடுப்பவரும் அப்படியே. தாக்குபவர் மூன்று அல்லது மேல் கூடினால் கோல். ஒன்று, இரண்டு கூடினால் ஷோர்ட் கோர்னர்: அடிப்பவரின் மதிப்பெண்ணும் கட்டையும், எதிரே காப்பாளரின் மதிப்பெண்ணும் கட்டையும், அடிப்பவர் கூடினால் கோல். சமன் என்றால் தடுப்பவருக்கு. ஆள் மாற்றுவது குவார்ட்டர் இடைவேளையில் மட்டும்.

சம பலமுள்ள இரண்டு அணிக்கு இது ஆட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு கோலுக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கும். உண்மையான ஹொக்கி முடிவுகளுக்கு அது நெருக்கம்.

புள்ளியை எங்கே கொட்டுவது?

மேலே சொன்ன விதியைக் கட்டைக் கணக்காக்கிப் பார்த்தால் ஒரு மதிப்பெண் எங்கே எவ்வளவு பெறுமதி என்று தெரியும். முன்களக்காரரின் ஒரு மதிப்பெண் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 0.18 கோல். பின்களத்தில் 0.12. நடுக்களக்காரர் இரண்டு சராசரியிலும் வருவதால் 0.30. ஷோர்ட் கோர்னர் அடிப்பவர் தனி ஆளாகவே 0.30. கோல் காப்பாளர் 0.25.

இதை வைத்து தியான் சந்தைப் பாருங்கள். உதாரணத்துக்கு அவர் 10, ஹசன் சர்தார் 8 என்று வைப்போம். 1982 உலகக் கிண்ணத்தில் 11 கோல் அடித்த பாகிஸ்தானின் நடு முன்களக்காரர் ஹசன் சர்தார், 1984 ஒலிம்பிக் தங்க அணியிலும் இருந்தவர். இரண்டு மதிப்பெண் வித்தியாசம் ஆட்டத்துக்கு 0.36 கோல். செயற்கைத் தரையில் தியான் சந்துக்கு ஒன்று வெட்டு, அப்போது வித்தியாசம் பாதியாகும். ஏலத்திலோ அவர் 30ஐத் தொடாமல் நிற்கமாட்டார், ஹசன் சர்தார் எட்டு பத்துக்குள் வருவார். மிச்சமாகும் 20 புள்ளியில் இரண்டு நடுக்களக்காரரை ஆளுக்கு இரண்டு மதிப்பெண் உயர்த்தினால் 1.2 கோல். கேட்கச் சங்கடமாக இருக்கலாம், ஆனால் கணக்கு அதுதான்: ஹொக்கியின் மிகப்பெரிய பெயரை அடுத்தவருக்கு விட்டுவிடுங்கள். அவரோடு விலைக்குப் போட்டிபோட்டு 28, 29 வரை ஏற்றிவிட்டு நிற்பது அதைவிட உத்தமம். 30 கேட்க மட்டும் கை துடிக்கக் கூடாது.

முன்களக்காரர்கள் மலிவதற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. பழைய அணிகள் ஐந்து முன்களம், மூன்று ஹாஃப் (நடுவரிசை), இரண்டு ஃபுல்பேக் (பின்வரிசை) என்று ஆடியவை. அரை நூற்றாண்டுக்கு ஒவ்வொரு அணியும் ஐந்து முன்களக்காரரை வரலாற்றில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. இந்தியாவின் பல்பீர் சிங் சீனியர் 1952 ஒலிம்பிக் இறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக ஐந்து கோல் அடித்தவர். அவரே சில மேசைகளில் பத்துக்குள் விலைபோவார், ஏனென்றால் தியான் சந்துக்குக் கேட்டவர்கள் அதற்குள் வறண்டிருப்பார்கள்.

ஆனால் அந்த ஐந்து பேரில் உள் இடது, உள் வலது நின்ற இருவரும் இன்றைய பார்வையில் நடுக்களக்காரர்களே. பந்தைக் கீழே வந்து வாங்கி மேலே கொண்டுபோனவர்கள். ஆகவே உள் முன்களக்காரரை நடுக்களமாகவும் பதியலாம், வாங்கும் நேரத்தில் சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது என்று விதி வையுங்கள். ரூப் சிங், பாபு, உதம் சிங் மூவரும் இந்தக் கதவால் நடுக்களத்துக்கு வருவார்கள். ஷாபாஸும் வருவார். 1990, 1994 ஆகிய இரண்டு உலகக் கிண்ணத்திலும் சிறந்த ஆட்டக்காரர் அவர். பட்டியலில் எவருக்காவது 25க்கு மேல் கொடுக்கலாம் என்றால் அது ஷாபாஸுக்குத்தான், அதுவும் நடுக்களக்காரராகப் பதிந்தால் மட்டும். முன்களத்தில் பதிந்தால் அதே ஆள் 15கூடப் பெறமாட்டார்.

அவருக்கு அடுத்து டி நோயர், 1975 இந்தியத் தலைவர் அஜித் பால் சிங், 1971, 1978, 1982 மூன்று உலகக் கிண்ணமும் வென்ற அக்தர் ரசூல், ஜேர்மனியின் மொரிட்ஸ் ஃபியூர்ஸ்டே, அவுஸ்திரேலியாவின் எடி ஒக்கென்டன். ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கிய இந்தியாவின் வலது ஹாஃப் லெஸ்லி கிளோடியஸைப் புல் ஆட்டங்களுக்கென்று எடுக்கலாம். அக்தர் ரசூலுக்கு இரண்டு தரையிலும் வெட்டில்லை என்பதால் மற்றவர் 12 கேட்டால் 13 கேளுங்கள்.

ஷோர்ட் கோர்னருக்கு வருவோம். சட்டப்படி முதல் அடியாக மட்டையை வீசி அடித்தால் பந்து கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீற்றர் பலகை உயரத்துக்கு மேலே போகக் கூடாது. இழுத்துச் சுண்டும் ட்ராக் ஃப்ளிக்குக்கு அந்த வரம்பில்லை. அதனால்தான் தொண்ணூறுகளில் ட்ராக் ஃப்ளிக் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. சோஹைல் அப்பாஸ், கொன்சாலோ பெய்யாட், ஹர்மன்பிரீத் சிங், அலெக்சாண்டர் ஹென்ட்ரிக்ஸ், டேக்கே டேக்கெமா, மிங்க் வான் டெர் வேர்டன், பிராம் லோமன்ஸ் என்று ஏழு பேர் உடனே கைக்கு வருவார்கள். அதற்கு முந்திய அடிகாரர்களில் லித்யென்ஸ், குருய்சே, 1996 ஒலிம்பிக் இறுதியில் இரண்டு கோல் அடித்த புளோரிஸ் யான் போவலாண்டர், அறுபதுகளின் பிரிதிபால் சிங். ஆறு அணிக்குப் பதினொரு பேர். பெறுமதி அதிகம், ஆனால் தட்டுப்பாடு இல்லை. சோஹைலுக்கு 25 கொடுப்பவர் பெயருக்குக் கொடுக்கிறார். காத்திருந்து நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வருபவரை 12, 14க்கு வாங்குங்கள். இவர்களில் பெரும்பாலானோர் பின்களக்காரர்கள் என்பதால் ஒரே விலையில் இரண்டு இடம் நிரம்பும். சொந்த ஆட்டத்தைப் புல்லில் ஆட எண்ணினால் லித்யென்ஸோ குருய்சேயோ மேல், இரு தரையிலும் வெட்டில்லாதவர்கள்.

கோல் காப்பாளர்தான் எல்லோரும் தவறவிடும் இடம். இரண்டு மதிப்பெண் கூடிய காப்பாளர் ஷோர்ட் கோர்னர் கோல் வாய்ப்பை நூற்றுக்கு 42இலிருந்து 17க்கு இறக்குவார். ஆனாலும் ஏலத்தின் கடைசியில் ஒன்று, இரண்டுக்கு வாங்குவார்கள். பன்னிரண்டு காப்பாளர் தேவை, பெயர் சொல்லக்கூடியவர்கள் அதற்குக் கொஞ்சம்தான் அதிகம். முகமூடி இல்லாத காலத்து ஷங்கர் லக்ஷ்மன் 1956, 1960, 1964 மூன்று ஒலிம்பிக் ஆடியவர். 1956இல் இந்தியா 38 கோல் போட்டு ஒன்றும் வாங்கவில்லை. அந்த அணியின் இன்னொரு காப்பாளர் ரங்கநாதன் பிரான்சிஸ். பின்னால் 1988 பிரித்தானியத் தங்க அணியின் இயன் டெய்லர், 1994 உலகக் கிண்ண இறுதியில் பெனால்டி தடுத்துப் பாகிஸ்தானுக்கு வெற்றி தந்த மன்சூர் அஹ்மத், 1996, 2000 நெதர்லாந்தின் ரொனால்ட் யான்சென். அண்மைக் காலத்தவர்களில் அயர்லாந்தின் டேவிட் ஹார்ட், பெல்ஜியத்தின் வின்சென்ட் வனாஷ், இந்தியாவின் ஸ்ரீஜேஷ். புல்லுக்கு ஒருவர், செயற்கைத் தரைக்கு ஒருவர் என்று இரண்டு காலத்திலிருந்தும் எடுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 14 புள்ளி ஒதுக்கினால் போதும். சமனில் முடிந்தால் எட்டு விநாடி ஷூட் அவுட் (காப்பாளரோடு ஒருவர் தனியே மோதுவது) வைப்பீர்கள் என்றால் வனாஷுக்கு இரண்டு புள்ளி கூட்டிக் கேளுங்கள். 2018 உலகக் கிண்ணமும் தோக்கியோ தங்கமும் பெல்ஜியத்துக்கு அந்த வழியில்தான் வந்தன.

மொத்தத்தில் பங்கு இப்படி அமையலாம்: காப்பாளர் இருவர் 14, ஷோர்ட் கோர்னர் அடிக்கும் பின்களக்காரர் 14, நடுக்களம் ஐவர் 48, முன்களம் நால்வர் 18, மிச்சப் பின்களம் நால்வர் 6. பின்களத்துக்கு ஆறே புள்ளியா என்று முகம் சுளிக்க வேண்டாம். திலிப் திர்க்கி, பர்கத் சிங், மார்க் நோல்ஸ் போன்றவர்கள் பிந்திய நேரத்தில் இரண்டுக்கு வருவதைப் பார்க்கலாம்.

ஒரு பொறி இருக்கிறது. சராசரியை முழு எண்ணாக்குவதால் 7.4 ஏழாகும், 7.5 எட்டாகும். கடைசி மூன்று ஆளை வாங்குமுன் தாக்குதல், தடுப்பு இரண்டையும் இரண்டு தரைக்கும் கூட்டிப் பாருங்கள். 7.33இல் நிற்கும் அணிக்கு ஒரே ஒரு மதிப்பெண் கூடியவர் போதும், ஆட்டத்துக்கு ஒரு முழுக் கோல் வித்தியாசம். 7.0இல் நிற்பவர் அதே ஆளுக்குக் கொட்டும் புள்ளி கடலில் கரைத்த பெருங்காயம்.

பெயரிலும் நாட்டிலும் வரும் வில்லங்கம்

1968 இந்திய ஒலிம்பிக் அணியில் மட்டும் மூன்று பல்பீர் சிங். சீனியர் அவர்களில் இல்லை. வெறும் பெயரை எழுதினால் அடுத்த கிழமை எவரை வாங்கினீர்கள் என்றே தெரியாது. பெயர், நாடு, சுற்றுப்போட்டி ஆண்டு மூன்றையும் எழுதுங்கள்.

நாட்டு வரம்பும் இதனால்தான் சிக்கும். அலி தாரா 1936இல் இந்தியாவுக்குத் தங்கம் வென்றவர், 1948இல் பாகிஸ்தானின் தலைவர். பெய்யாட் 2016 ரியோவில் ஆர்ஜென்டீனாவுக்காக 11 கோல் அடித்தார், 2023 உலகக் கிண்ணத்தை ஜேர்மனிச் சட்டையில் வென்றார். வாங்கும்போது எந்த ஆண்டைச் சொன்னீர்களோ அந்த நாடு, அந்தக் காலம். வேறு பேச்சில்லை.

தமிழ்ப் பெயருக்கு இங்கே விலை ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தன்ராஜ் பிள்ளை, பாஸ்கரன், 1975 அணியின் பிலிப்ஸ், ரங்கநாதன் பிரான்சிஸ் என்று பெயர் விழுந்தால் மேசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். தன்ராஜை நீங்கள் விரும்பாவிட்டால் அவர் பெயரை முதல் ஐந்துக்குள் நீங்களே முன்மொழியுங்கள். மற்றவர்களின் புள்ளி அங்கே கரையும். பாஸ்கரன் வேண்டுமென்றால் மாறாக நடவுங்கள்: இடது ஹாஃப், இரு தரைக்காரர், நடுக்களத்தில் பதியலாம். எல்லோரிடமும் பத்துப் புள்ளிக்குக் கீழ் வந்தபின் மெல்லச் சொன்னால் ஆறு, ஏழுக்குள் முடியும்.

பெண்கள் ஹொக்கியை இதே பட்டியலில் கலக்க வேண்டாம், தனி மேசை வையுங்கள். அங்கே லூசியானா ஐமார் எட்டுத் தடவை உலகின் சிறந்த வீராங்கனை, அதுவும் நடுக்களக்காரர். முதலிடத்துக்கு வாதமே இல்லை, உச்சவரம்பு 30 அவருக்காகவே வேண்டியிருக்கும். ட்ராக் ஃப்ளிக்குக்கு மார்ட்யே பௌமன், மூன்று ஒலிம்பிக் தங்கத்தோடு ரெஷெல் ஹோக்ஸ் என்று அடுத்த வரிசையும் தெளிவு. அந்த மேசையில் பிந்திய காலத்துக்குத்தான் கனம் அதிகம். பெண்கள் ஹொக்கி ஒலிம்பிக்குக்கு வந்ததே 1980இல் என்பதால் 1976 கோடு பொருந்தாது. கால எல்லையை 1990, 2005 என்று நகர்த்தி, தரை வெட்டை எடுத்துவிட்டு ஆடுங்கள்.